பின்னம் சொல்லித் தரும் கேம்: பிள்ளைகள் ஆடுகிறார்கள் சரி, கற்கிறார்களா?

பின்னக்காரி (திங்கள், இரவு 9.10)

ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்களுக்கு டேப்லெட் கொடுத்து, பின்னம் பாடத்துக்கென்று ஒரு கேம் ஆப்பும் போட்டுத் தந்தார்கள். ஆப்பின் பெயர் வேண்டாம், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். வாரத்தில் இரண்டு பாடவேளையை அதற்கே ஒதுக்கச் சொன்னார்கள், ஒதுக்கினேன்.

கேம் இப்படி இருக்கும். ஒரு பையன் கூரை கூரையாகத் தாவி ஓடுகிறான். நடுவில் ஒரு கணக்கு குறுக்கே வரும். 1/3 + 1/4 எவ்வளவு? கீழே நான்கு விடைகள். சரியானதைத் தொட்டால் தாவுவான், நாணயம் கொட்டும். தப்பானதைத் தொட்டால் தடுக்கி விழுந்து எழுந்துகொள்வான், அதே கணக்கு மறுபடி வரும். நாணயம் சேர்ந்தால் தொப்பி, காலணி, இறக்கை எல்லாம் வாங்கலாம்.

என் வகுப்பு அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மணி அடித்தும் எழ மனம் வராது. நானும் மகிழ்ந்துபோனேன்.

ஆறு வாரம் கழித்துத் தாளில் பத்துக் கணக்கு கொடுத்தேன். கேமில் எல்லோருக்கும் முன்னால் போயிருந்த பையன் 1/3 + 1/4 = 2/7 என்று எழுதியிருக்கிறான். 1/4, 1/8 இரண்டில் எது பெரியது என்றதற்கு வகுப்பில் பாதிக்கு மேல் 1/8. எட்டு பெரிய எண்ணாயிற்றே! பக்கத்துப் பிரிவில் வெறும் பலகையில் நடத்தியவருடைய பிள்ளைகளும் ஏறக்குறைய இதே மதிப்பெண்தான். ஆக, கெட்டும் போகவில்லை, தேறவும் இல்லை.

கேம் வைத்துப் பாடம் நடத்துவதில் நிஜமாகவே பலன் உண்டா? இல்லை, பிள்ளைகள் சத்தம் போடாமல் இருப்பதையே படிப்பு என்று நான் எண்ணிக்கொண்டேனா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரெண்டுபிள்ளைஅப்பா (திங்கள், இரவு 9.48)

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் டீச்சர். பெரியவள் வாய்ப்பாடு கேம் ஆடும்போது ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். கணக்கை அவள் படிக்கவே இல்லை. முதல் பொத்தான், இரண்டாவது, மூன்றாவது என்று பச்சை விளக்கு எரியும் வரை தட்டிக்கொண்டே போகிறாள். "ஏம்மா, படிக்காம அழுத்தற?" என்றேன். "படிச்சா லேட்டாகும்பா" என்றாள்.

கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால் அவள் சொன்னது நியாயம்தான். அந்த கேமில் ஜெயிக்க அதுதான் சரியான வழி. தப்புக்கு அரை நொடி நஷ்டம், யோசிப்பதற்குப் பத்து நொடி நஷ்டம். எந்தப் பிள்ளை யோசிக்கும்?

பழையசாக்பீஸ் (திங்கள், இரவு 10.25)

முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஸ்லைடு புரொஜெக்டர் வந்தது, அப்புறம் டி.வி., அப்புறம் சி.டி., அப்புறம் ஸ்மார்ட் போர்டு. ஒவ்வொன்று வரும்போதும் "இனி வகுப்பறையே மாறப்போகிறது" என்று ஒரு கூட்டம் போட்டுத் தேநீர் கொடுப்பார்கள். நான் தேநீர் குடித்துவிட்டு வந்து அதே பலகையில் எழுதுவேன்.

ரிச்சர்ட் கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர் 1983-லேயே இதை எழுதிவிட்டார். பாடத்தைக் கொண்டுவரும் சாதனம், மளிகை ஏற்றி வரும் லாரி மாதிரி. லாரியை மாற்றினால் சாப்பிடுகிறவருக்குச் சத்து கூடிவிடாது. உள்ளே என்ன சரக்கு, எப்படிச் சமைத்தார்கள் என்பதுதான் கணக்கு. கேமும் ஒரு லாரி. கொஞ்சம் பளபளப்பான லாரி, அவ்வளவே.

சும்மாவந்தேன் (திங்கள், இரவு 10.31)

ஐயா லாரிக்கு லைக்.

ஆனால் ஒரு சந்தேகம். சின்ன வயதில் கணினியில் ஒரு தட்டச்சு கேம் ஆடித்தான் நான் வேகமாக டைப் அடிக்கக் கற்றேன். மேலிருந்து எழுத்துகள் விழும், தரையைத் தொடுவதற்குள் அந்த எழுத்தைத் தட்ட வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை. அது மட்டும் எப்படி வேலை செய்தது?

பிக்ஸல்குயவன் (திங்கள், இரவு 11.40)

கல்விக் கேம் செய்து பிழைப்பவன் நான், அதனால் என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கும். சொல்லிவிட்டேன்.

சும்மாவந்தேன் கேட்ட கேள்வியிலேயே விடை இருக்கிறது. தட்டச்சு கேமில் ஜெயிக்க என்ன செய்ய வேண்டும்? தட்டச்சு அடிக்க வேண்டும். ஆட்டத்தின் காயும் பாடமும் ஒன்று. டீச்சர் சொன்ன கேமில் ஜெயிக்க என்ன செய்ய வேண்டும்? நான்கில் ஒன்றைத் தொட வேண்டும். பின்னம் அங்கே சுங்கச்சாவடி மாதிரி குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டிப் போவதில்தான் பிள்ளைக்கு ஆர்வம், அதில் நிற்பதில் இல்லை.

இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் எய்ன்ஸ்வர்த் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. 'ஸோம்பி டிவிஷன்' என்று ஒரு கேம். எலும்புக்கூடுகள் மார்பில் எண் எழுதிக்கொண்டு வரும். நம் கையில் உள்ள ஆயுதங்களுக்கும் எண் உண்டு. 15 என்று வருகிற எலும்புக்கூட்டை 3 அல்லது 5 எண் கொண்ட அடியால்தான் வீழ்த்தலாம், 2-ஆல் அடித்தால் ஒன்றும் ஆகாது. வகுபடும் தன்மைதான் சண்டையே. இதே கேமின் இன்னொரு வடிவில் சண்டையில் கணக்கே இல்லை, அதே கணக்குகள் ஒவ்வொரு லெவல் முடிவிலும் வினாடி வினாவாக வரும். படம், இசை, கதை எல்லாம் ஒன்றே. முதல் வடிவத்தை ஆடிய பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். அப்புறம், ஓய்வு நேரத்தில் எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோது, கணக்கு உள்ளே இருந்த வடிவத்தில்தான் ஏழு மடங்கு அதிக நேரம் செலவிட்டார்கள். கணக்கை வெளியே எடுத்த வடிவம் அவர்களை அவ்வளவாக இழுக்கவில்லை.

ஆகவே ஐயாவின் லாரிக்கு என் பதில்: இரண்டும் ஒரே லாரிதான், ஏற்றிய விதம் வேறு.

பிறகு ஏன் எல்லோரும் கூரையில் ஓடும் பையனையே செய்கிறோம் என்றால், அது மலிவு. ஓட்டத்தை ஒருமுறை செய்துவிட்டால் பின்னம், இலக்கணம், தலைநகரங்கள் என்று எந்தக் கேள்வியையும் அதன் மேல் ஒட்டலாம். 'ஸோம்பி டிவிஷன்' மாதிரி ஒன்று செய்தால் அது வகுத்தலுக்கு மட்டும்தான். பின்னத்துக்கு வேறு, விகிதத்துக்கு வேறு என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டும். நானும் மூன்று கூரை ஓட்டங்கள் செய்திருக்கிறேன். மாதக் கடைசியில் சம்பளம் வேண்டுமே.

நடுக்கோடு (செவ்வாய், காலை 7.05)

கல்வியியலில் ஆய்வு மாணவன். "பலன் உண்டா" என்ற கேள்விக்கு எண்ணாக ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது.

2013-இல் பீட்டர் வவுட்டர்ஸ் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வில், வழக்கமான முறையை விடக் கல்விக் கேம்கள் கற்றலில் 0.29 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதை வைத்து அளக்கும் அலகு) முன்னால் இருந்தன. 2016-இல் டக்ளஸ் கிளார்க் (லாரி கிளார்க் வேறு) குழுவினரின் தொகுப்பாய்வில் அது 0.33. சாதாரண மொழியில் சொன்னால், நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் பிள்ளை கீழிருந்து 63-ஆம் இடம் பக்கம் போகும். தள்ளிவிடக்கூடிய அளவு இல்லை. மேடை போட்டுக் கொண்டாடும் அளவும் இல்லை.

எனக்குச் சுவையாகப் பட்டவை வேறு. 2013 தொகுப்பாய்வில், கேம் ஆடியவர்களுக்கு ஊக்கம் கூடியதா என்றால், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. கேம் என்றாலே "ஆர்வத்தைத் தூண்டும்" என்றுதானே விற்கிறார்கள்? அந்த இடத்தில்தான் சான்று தளர்ந்து கிடக்கிறது. கேமோடு வேறு விதப் பயிற்சியும் சேர்ந்தபோது, பல அமர்வுகளாக ஆடியபோது, குழுவாக ஆடியபோது பலன் கூடுதல்.

2016 தொகுப்பாய்வில் ஒரு கேமின் சாதாரண வடிவத்தையும், பாடத்துக்கு உதவும்படி செம்மைப்படுத்திய வடிவத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அந்த வித்தியாசம் 0.34. அதாவது கேமா, கேம் இல்லையா என்பதில் எவ்வளவு வித்தியாசமோ, எந்த மாதிரி கேம் என்பதிலும் அவ்வளவு வித்தியாசம். "கேம் நல்லதா?" என்று கேட்பது "புத்தகம் நல்லதா?" என்று கேட்பது போல.

ரெண்டுபிள்ளைஅப்பா சொன்ன பொத்தான் தட்டலுக்கும் ஆய்வு உண்டு. 2004-இல் ரயன் பேக்கர் குழுவினர், கணினிவழிக் கணக்குப் பயிற்சியில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று வகுப்பறையில் உட்கார்ந்தே கவனித்தார்கள். விடையைக் குருட்டாம்போக்கில் தட்டியும் உதவிக் குறிப்பை விடாமல் அழுத்தியும் தாண்டிப் போனவர்கள், அவர்களையொத்த மற்றவர்கள் கற்றதில் மூன்றில் இரண்டு பங்குதான் கற்றிருந்தார்கள். சும்மா அரட்டை அடிப்பதற்கும் குறைந்த கற்றலுக்கும்கூட அவ்வளவு தொடர்பு தெரியவில்லை.

ரெண்டுபிள்ளைஅப்பா (செவ்வாய், காலை 8.12)

அப்படியானால் என் பெண் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அரட்டை அடித்திருந்தாலே தேவலை என்கிறீர்கள் 😀

மெதுவாகப்படி (செவ்வாய், பகல் 1.30)

கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். இங்கே எல்லோரும் டேப்லெட்டையே பேசுகிறீர்கள். நான் அட்டையும் பகடையும் பற்றிச் சொல்ல வந்தேன்.

கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வறுமையான குடும்பங்களைச் சேர்ந்த, இன்னும் பள்ளி சேராத வயதுப் பிள்ளைகள். ஒரே வரிசையில் பத்துக் கட்டம், 1 முதல் 10 வரை எண் எழுதியது. ஒரு சுழல்முள்ளைச் சுற்றினால் 1 அல்லது 2 வரும், அவ்வளவு நகர்த்த வேண்டும். பதினைந்து நிமிடம் வீதம் நான்கு முறை, இரண்டு வாரத்துக்குள். இன்னொரு குழுவுக்கு அதே பலகை, எண்ணுக்குப் பதில் நிறம். எண் பலகை ஆடியவர்கள் எது பெரிய எண் என்று சொல்வதிலும், எண்கோட்டில் இடம் காட்டுவதிலும், எண்களை அடையாளம் சொல்வதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. நிறப் பலகை ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மொத்தம் ஒரு மணி நேர ஆட்டம்!

அடுத்த வருடம் அவர்களே பலகையை வட்டமாக்கிப் பார்த்தார்கள். வட்டப் பலகை அந்த வேலையைச் செய்யவில்லை. எண்கள் ஒரு கோட்டில் வரிசையாக இருக்கின்றன என்பதைக் கையும் கண்ணும் சேர்ந்து நேர்க்கோட்டில்தான் கற்கின்றன போலும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது இதற்குப் பின்னால் வந்த ஒன்று. 2014-இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் செய்தது, இதில் 100 வரை எண். பிள்ளை 14-இல் இருக்கிறது, 3 விழுகிறது என்று வையுங்கள். ஒரு குழு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி நகர்த்தியது. இன்னொரு குழு "பதினைந்து, பதினாறு, பதினேழு" என்று கட்டத்தில் உள்ள எண்ணையே சொல்லி நகர்த்தியது. பலகை ஒன்றே, விதியும் ஒன்றே, வாய் சொல்வது மட்டும் வேறு. இரண்டாவது குழுதான் நன்றாகக் கற்றது.

இதைப் படித்த நாளிலிருந்து, எந்த விளையாட்டைக் கையில் எடுத்தாலும் "இதில் பிள்ளையின் வாய் என்ன சொல்கிறது?" என்று பார்க்கிறேன். கூரையில் ஓடும் பையனில் வாய் மூடியே இருக்கிறது. டீச்சர் சொன்ன அந்த அமைதி எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

பதினொன்றாம்வகுப்பு (செவ்வாய், மாலை 5.50)

மாணவன் ஒருத்தன் பேசலாமா? 🙂

எங்களுக்கு வாராவாரம் திரையில் கேள்வி போட்டு வேகமாகப் பொத்தான் அழுத்தும் வினாடி வினா உண்டு. யார் முதலில் அழுத்துகிறார்களோ அவர்களுக்கு அதிக பாயிண்ட். முதல் மாதம் செம ஜாலி. இப்போது முதல் ஐந்து பெயர்கள் எவை என்று எங்களுக்கே மனப்பாடம். மற்ற முப்பது பேரும் மூன்றாவது கேள்வியோடு விட்டுவிடுவோம். நான் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் பாயிண்ட் பாதியாகிவிடும். பெயருக்குப் பதில் கிண்டலாக ஏதாவது போட்டுக்கொள்வதில்தான் இப்போது எங்கள் முழு உழைப்பும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உயிரியல் ஆசிரியை அதையே வேறு மாதிரி செய்வார். நேரம் ஓடாது, பாயிண்ட் கிடையாது. விடை காட்டிய பிறகு, தப்பான விடையை எத்தனை பேர் அழுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்து, "பன்னிரண்டு பேர் இதைத் தொட்டிருக்கீங்க, ஏன்?" என்று கேட்பார். அந்தப் பாடம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

பழையசாக்பீஸ் (செவ்வாய், மாலை 6.20)

தம்பி, உங்கள் உயிரியல் ஆசிரியைக்கு அந்தத் திரையை எடுத்துவிட்டுக் கையைத் தூக்கச் சொன்னாலும் அதே பாடம் வந்திருக்கும்.

பதினொன்றாம்வகுப்பு (செவ்வாய், மாலை 6.24)

வராது சார். கை தூக்கினால் யார் தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் எவன் தூக்குவான்?

பழையசாக்பீஸ் (செவ்வாய், மாலை 6.41)

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

நடுக்கோடு (செவ்வாய், இரவு 8.15)

தம்பி சொன்ன வினாடி வினாவில் உண்மையில் வேலை செய்வது நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது. ரோடிகர், கார்பிக் 2006 ஆய்வு: ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்களையும், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்களே மேல்: அவர்கள் 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ். எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடு, திரும்பப் படித்தவர்கள் 42. நேரத்தை ஓடவிட்டுப் பிள்ளையை அந்த 'எடுத்துப் பார்த்தலை'ச் செய்யவிடாமல் அடித்தால், வினாடி வினாவில் மிஞ்சுவது இசை மட்டும்தான்.

பிக்ஸல்குயவனுக்கு ஒரு குறுக்குக் கேள்வி. காயும் பாடமும் ஒன்றாக இருந்தால் போதும் என்கிறீர்கள். 2012-இல் வந்த 'டிராகன்பாக்ஸ்' அப்படிப்பட்டதுதானே? சமன்பாட்டின் இரு பக்கமும் அட்டைகள், ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் செய்ய வேண்டும், பெட்டியைத் தனியாக நிறுத்தினால் வெற்றி. இயற்கணிதம்தான் ஆட்டமே. ஆனால் யான்ஜின் லாங், வின்சென்ட் அலெவன் இருவரும் அதை ஒரு சாதாரணக் கணினிப் பயிற்சி மென்பொருளோடு ஒப்பிட்டபோது, பிள்ளைகளுக்குப் பிடித்தது டிராகன்பாக்ஸ், சமன்பாடு தீர்க்கும் சோதனையில் முன்னேறியது மற்றக் குழு. ஏன்?

பிக்ஸல்குயவன் (செவ்வாய், இரவு 10.02)

நல்ல அடி. ஒருநாள் யாராவது இதைக் கேட்பார்கள் என்று தெரியும்.

என் ஊகம் இது. டிராகன்பாக்ஸில் அட்டையை இழுத்தால் அதுவே சரியாக ஒட்டிக்கொள்ளும், மறந்தால் மறுபக்கத்தில் போடச் சொல்லி அதுவே நிறுத்தும். கேம் தாங்கிப் பிடிக்கிறது. தாளில் யாரும் தாங்க மாட்டார்கள். அட்டையை நகர்த்தத் தெரிந்த பிள்ளைக்கு, "நீ செய்தது இதுதான்" என்று x போட்டு எழுதிக் காட்ட ஒரு ஆள் தேவை. அந்த ஆள் கேமுக்குள் இல்லை. நாங்கள் அதை விற்பனைத் தாளில் எழுத மாட்டோம், அதுவும் உண்மை.

வரலாற்றுப்பிரியை (புதன், காலை 10.15)

கணக்கை விட்டு வெளியே வாருங்களேன். 1971-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக எழுதியதுதான் 'ஒரிகன் டிரெயில்'. திரையே கிடையாது, தொலையச்சுப் பொறி தாளில் அச்சடித்துக் கொடுக்கும். கையில் உள்ள பணத்தில் மாட்டுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொண்டு வண்டி கட்டிப் போக வேண்டும். நோய் வரும், குளிர் வரும். 'பயணம் கடினமாக இருந்தது' என்ற ஒரு வரியைப் படிப்பதை விட, உணவைக் குறைத்து வாங்கிவிட்டு நடுவழியில் தவிப்பது வேறு அனுபவம் இல்லையா?

ஆனால் வகுப்பில் இந்த மாதிரிப் பாவனை ஆட்டங்கள் வைத்துப் பார்த்ததில் எனக்கு ஒரு பயமும் உண்டு. ஆட்டம் எதைக் காட்டுகிறதோ அதுதான் வரலாறு என்று பிள்ளை நம்பிவிடும். ஒரிகன் டிரெயிலில் வண்டி கட்டிப் போகிறவர்தான் நாயகர். அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் வழியில் வந்து போகிறவர்கள்தான். 2021-இல் வந்த புது வடிவத்துக்குத்தான் பூர்வகுடி வரலாற்றாளர்களை ஆலோசகர்களாக வைத்தார்கள். அதுவரை ஆடிய தலைமுறைகளுக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்? ஆசிரியர் சொல்லியிருந்தால்தான் உண்டு. அதனால் ஆட்டம் இருபது நிமிடம் என்றால் பேச்சுக்கும் இருபது நிமிடம் வைக்கிறேன். பாடவேளை அதற்குப் போதவில்லை என்றால் ஆட்டத்தைத்தான் வெட்டுவேன்.

பின்னக்காரி (புதன், இரவு 9.30)

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி பாக்கி. அந்த நாணயமும் தொப்பியும் கெடுதலா? அவற்றை அணைத்துவைக்க ஆப்பில் வழி இருக்கிறது. ஆனால் அணைத்தால் வகுப்பில் கலகம் வந்துவிடும்.

மெதுவாகப்படி (புதன், இரவு 10.05)

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த பழைய சோதனை ஒன்று. ஏற்கெனவே படம் வரைவதில் ஆசை உள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள். ஒரு குழுவுக்கு 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவதுக்கு எதுவுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சும்மா விட்டபோது, சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள்.

கவனியுங்கள், அவர்கள் முதலிலேயே ஆசை இருந்த பிள்ளைகள். பின்னத்தைக் கண்டாலே ஓடும் பிள்ளைக்கு ஒரு தொப்பி தொடக்கத்தில் தள்ளிவிட உதவலாம், நான் அதற்கு எதிரி இல்லை. உங்கள் கேமில் தொப்பி தப்பில்லை டீச்சர், தப்புக்கு விலையே இல்லாததுதான் தப்பு. அணைக்க ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றால் 'அதே கணக்கு மறுபடி வரும்' என்பதை அணைக்க முடியுமா பாருங்கள்.

பின்னக்காரி (புதன், இரவு 10.11)

அதற்கு வழி இல்லை. பார்த்துவிட்டேன்.

பழையசாக்பீஸ் (புதன், இரவு 10.40)

அப்படியென்றால் டேப்லெட்டை அலமாரியில் வையுங்கள். ஒரு தாள் நாடா, சில அட்டைகள். எண்கோட்டில் 0, 1 மட்டும் குறியுங்கள். பிள்ளை ஒரு பின்ன அட்டையை எடுத்து அது எங்கே உட்காரும் என்று வைக்கட்டும். எதிரில் இருப்பவர் 'தப்பு' என்று சவால் விடலாம். விட்டால், வைத்தவர் நாடாவை மடித்து நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் சவால் விட்டவருக்கு நஷ்டம். இதை நான் முப்பது வருடத்துக்கு முன்பே செய்தேன், அப்போது இதற்குக் கேம் என்று பெயர் வைக்கத் தெரியவில்லை.

சும்மாவந்தேன் (புதன், இரவு 10.44)

ஐயா மூன்று நாளாக லாரியைத் திட்டிவிட்டுச் சொந்தமாக ஒரு லாரி கொண்டுவருகிறார்.

பிக்ஸல்குயவன் (புதன், இரவு 11.20)

இது நிஜமாகவே நல்ல வடிவமைப்பு. காய் வைப்பதே பின்னத்தின் அளவை ஊகிப்பது. தப்புக்கு விலை உண்டு. நிரூபிக்க வாய் திறந்தாக வேண்டும். ஐயாவுக்கு என் அலுவலகத்தில் ஒரு நாற்காலி போடத் தயார், சம்பளம் பற்றி மட்டும் கேட்கக் கூடாது.

பின்னக்காரி (இரண்டு வாரம் கழித்து, வெள்ளி, மாலை 6.15)

இழையைத் தூசி தட்டுகிறேன்.

ஐயா சொன்ன ஆட்டத்தை ஆறு பாடவேளை வைத்தேன். நான்கு நான்கு பேராக, பன்னிரண்டு நிமிட ஆட்டம், மீதி நேரம் பேச்சு. முதல் நாள் படுதோல்வி. சவால் விட்டே ஜெயிக்கலாம் என்று கண்டுபிடித்து எல்லாவற்றுக்கும் 'தப்பு, தப்பு' என்று கத்தினார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டார். ஒருவருக்கு மூன்று சவால்தான் என்று விதி போட்ட பிறகு அடங்கியது.

நேற்று மறுபடி தாளில் கொடுத்தேன். 1/8 பெரியது என்றவர்கள் மூன்று பேர்தான் மிச்சம். கூட்டலில் இன்னும் பலர் தடுமாறுகிறார்கள், அதில் பெரிய மாற்றம் இல்லை. ஆட்டத்தில் கூட்டலே இல்லையே, எப்படி வரும்? அதோடு, இந்த முறை நானும் கூடவே இருந்து பேசினேன், ஆப் ஆடியபோது பேசவில்லை. அதனால் எதை ஆட்டம் செய்தது, எதை நான் செய்தேன் என்று பிரிக்க என்னால் முடியாது.

ஆனால் ஒன்று நடந்தது. அந்த 2/7 எழுதிய பையனை இன்று பலகைக்குக் கூப்பிட்டேன். "நீ சொன்ன விடையைக் கோட்டில் வைடா" என்றேன். 1/3 அட்டை ஏற்கெனவே அதன் இடத்தில் இருந்தது. அவன் நாடாவை ஏழாக மடிக்கப் படாதபாடு பட்டு, கடைசியில் 2/7-ஐ வைத்தான். 1/3-க்கு இந்தப் பக்கம் விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். "டீச்சர், 1/3 கூட இன்னொன்னு சேர்த்தா எப்படிக் குறையும்?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது, திங்கள்கிழமை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கூட்டலுக்கும் இதே நாடாவைப் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. ஒரே சிக்கல், ஏழாக மடிப்பது யாருக்கும் வரவில்லை. என் நாடா 60 செ.மீ., 2/7 ஏதோ பதினேழே சொச்சத்தில் விழுகிறது.

பழையசாக்பீஸ் (வெள்ளி, இரவு 7.02)

84 செ.மீ. நாடா வெட்டுங்கள் அம்மா. 1/3-க்கு 28, 1/4-க்கு 21, 2/7-க்கு 24. மடிக்கவே வேண்டாம், அளவுகோல் போதும். 28-ஐயும் 21-ஐயும் ஒட்டினால் 49 வரும், அது 7/12. எட்டில் ஒன்று மட்டும் பத்தரையில் விழும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.